கரையில் ஏறிய சுரங்கம்

அன்புள்ள சேகருக்கு,

நைனா எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும். உன் அம்மா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், வெந்நீர் போடுகிறாள், வாயை மட்டும் திறப்பதில்லை. முப்பது வருஷத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. வீடு ஓவென்று இருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும், நீதான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாயே.

தென்னேரியிலிருந்து பெண்ணின் அப்பா வந்தார். காபி குடித்தார். மெட்ராஸ் காலேஜில் நீ கணக்கு சொல்லிக்கொடுப்பதைப் பற்றி ஆசையாகக் கேட்டார். நல்ல மனிதர். எல்லாம் பேசி முடித்து, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு வருசம் முன்ன, முகூர்த்தப் பொடவைல கரைய வெளையாட்டுத்தனமா மாத்தி வெச்சி கெடுத்துட்டான்னு ஒரு புள்ளைய பத்தி சொன்னாங்க. அது நம்ம தம்பி தானா?" நீ ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "ஆமாங்க, நான் தான்" என்றாய். அதைச் சிரித்த முகமாக வேறு சொன்னாய். அவருக்கு முகம் சுருங்கிப் போயிற்று. "வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்லி அனுப்பறேன்" என்று போய்விட்டார். நான் வெற்றிலையை மென்றுகொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையல்கட்டில் உன் அம்மா டம்ளரை ணங்கென்று வைத்த சத்தம் உனக்கும் கேட்டிருக்கும்.

சேகர், அந்தப் புடவையைக் கெடுத்தது நீ இல்லை, நான். இது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்கும் தங்கைக்கும் தெரியும். பிள்ளையார்பாளையத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. இதை எழுதிவிடத்தான் பேனாவை எடுத்தேன். இந்தக் கடிதத்தை உடனே உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. உன் கைக்கு வருமுன் வேறு சிலரும் படிப்பார்கள், யாரென்று கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் விலாவாரியாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள். உன் பொறுமையைப் பற்றி இந்தத் தெருவில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யாரும் இல்லை.

முதலில் என் தொழில். பட்டுப் புடவைக் கரையில் வரும் மயிலையும் கோபுரத்தையும் ஒருவர் கட்டம் போட்ட தாளில் சிவப்பு மையால் வரைந்து தருவார். அதில் ஒரு வரிக்கு ஓர் அட்டை. சிவப்பு இருக்கிற கட்டத்துக்கெல்லாம் அட்டையில் ஓட்டை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேல் தொங்கவிட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் இழை தூக்கும், ஜரிகை ஓடும், கோபுரம் எழும்பும். அந்த ஓட்டை அடிக்கிற வேலைதான் எனக்கு, இருபத்தெட்டு வருஷமாக. இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. அட்டை அடிப்பவன் வரியைத்தான் பார்ப்பான், படத்தைப் பார்க்க மாட்டான். படத்தைப் பார்த்தால் கை நின்றுவிடும். மயிலா கிளியா என்று கேட்டால் தறியில் ஏறிய பிறகு வா, சொல்கிறேன் என்பேன். அதில் எனக்கு ஒரு திமிரே இருந்தது.

இனி உன் விளையாட்டு. சின்னக் காஞ்சிபுரத்திலிருக்கும் உன் சிநேகிதன் புருஷோத்தமனின் அண்ணன் அமெரிக்காவில் படிக்கப் போனவன், அங்கிருந்து மூன்று சின்னப் புத்தகங்களை அனுப்பி வைத்தான். காய் கிடையாது, பலகை கிடையாது. ஒருவன் கதை நடத்துவான்: இதோ ஒரு குகை, உள்ளே பூதம், என்ன செய்கிறாய் என்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம். ஒருத்தர் வீரர், ஒருத்தர் வைத்தியர், இப்படி. அவரவர் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும், அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். ஜெயிக்க ஜெயிக்க ஆள் ஒவ்வொரு படியாக ஏறுவான், படிக்கொரு புது வித்தை கிடைக்கும். இருபது முகம் உள்ள பகடை வேண்டுமாம். அதற்குக் காஞ்சிபுரத்தில் எங்கே போவது? ஒன்று முதல் இருபது வரை சீட்டெழுதி, உன் அம்மாவின் பித்தளைச் சொம்பில் போட்டுக் குலுக்கினீர்கள். நீ, உன் தங்கை மல்லிகா, கதை நடத்தப் புருஷோத்தமன். ஞாயிறு தவறாமல் என் வீட்டுக் கூடத்தில் மூன்று எருமைகள் கூச்சல் போட்டுக்கொண்டு. காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா என்று நான் கத்தாத ஞாயிறு கிடையாது.

விளையாட்டில் உன் வேஷத்துக்கான ஆளை நீ கட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டினாய் என்றுதான் சொல்ல வேண்டும், கொத்தனார் மாதிரி ஒரு முழு நாள் உட்கார்ந்து கட்டினாய். திருடனாகவும் இருப்பேன், மந்திரவாதியாகவும் இருப்பேன் என்றாய். புருஷோத்தமன் தலையில் அடித்துக்கொண்டான். "அசடாட்டம் பேசாதேடா. ஒரு படி ஏறினா அதை ஏதாவது ஒண்ணுலதான் எழுதிக்கலாம். பாதி அதுல, பாதி இதுலன்னா ரெண்டுலயும் பின்தங்கிப் போயிடுவே. முழு மந்திரவாதி எட்டாம் படியில நெருப்பு மழை பெய்ய வைக்கறச்சே, நீ கையளவு வெளிச்சம் காட்டிண்டு நிப்பே" என்றான். நான் அட்டை கோத்துக்கொண்டிருந்தவன், நமக்கென்ன என்று சும்மா இருந்திருக்கலாம். "அய்யிரு புள்ள சொல்றது தான் சரி. ஒண்ணு திருடனா இரு, இல்ல மந்திரவாதியா இரு. ரெண்டுங்கெட்டானா எதுக்குடா?" என்று நானும் சேர்ந்துகொண்டேன். புருஷோத்தமன், "அய்யங்கார், மாமா" என்று திருத்தினான். அந்தப் பேச்சில் எனக்கு வேறு கணக்கும் இருந்தது. நீ காலையில் காலேஜுக்குப் போய்விட்டுச் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து அட்டை வேலையும் கற்றுக்கொண்டிருந்த காலம் அது. படிக்கிறதானால் படி, தொழிலுக்கு வருகிறதானால் வா, இப்படி இரண்டிலும் தலையை விடாதே என்று உன்னைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன்.

நீ கோபப்படவில்லை. தாளை எங்கள் இருவர் பக்கமும் திருப்பி வைத்துச் சொன்னாய். "மந்திரம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவையோ மூணு தடவையோ தான் நைனா. போட்டா தீந்துபோவும். கை வேலை தீராது. அதனால கை எதெல்லாம் செய்யுமோ அதுக்கு மந்திரம் வாங்கவே கூடாது. கை முடிஞ்சிபோற எடத்துல தான் மந்திரம் ஆரம்பிக்கணும்." பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாய். சொம்பிலிருந்து வந்த எண்களில் பெரியது பதினேழு. அதை விரல் லாவகத்துக்கு வைத்தாய், அடுத்த பதினாறை அறிவுக்கு. உடல் பலத்துக்குக் கடைசியாக மிஞ்சிய ஏழு. "ஏழா! காத்தடிச்சா வுழுந்துடுவான்டா" என்றேன். "சண்டைக்குத் தான் மல்லிகா இருக்குதே" என்றாய். மல்லிகாதான் வாள் வீரன். முதல் படியைத் திருட்டில் எழுதினாய், உடம்பு கொஞ்சம் தாங்கும், கைத் திறமைகள் மொத்தமாகக் கிடைக்கும் என்று. அடுத்த மூன்றும் மந்திரத்தில் என்று பென்சிலால் குறித்தாய். எல்லோரும் முதலில் எடுக்கிற தாழ் திறக்கும் மந்திரத்தை வேண்டாம் என்றாய். புருஷோத்தமனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏண்டா, அது இல்லாம எப்படிடா?" "பூட்ட கையே தொறக்கும். ஒரே வேலைக்கு ரெண்டு தடவ செலவு பண்ணக்கூடாது" என்றாய். அதற்குப் பதில் காவலரைத் தூங்க வைக்கிற மந்திரம் ஒன்று, ஆளை மறைய வைக்கிற மந்திரம் ஒன்று. புருஷோத்தமன் விடவில்லை. "மறையற வேலையும் திருடன் கையிலேயே இருக்கேடா. இப்ப மட்டும் ரெண்டு தடவை செலவு பண்ணலாமா?" என்று மடக்கினான். நீ சிரித்துவிட்டு, "அதுக்கு ஒரு காரணம் இருக்குது" என்று மட்டும் சொன்னாய். நான், மாட்டிக்கொண்டான் பையன் என்று உள்ளுக்குள் குஷியானேன். என்ன அப்பன் பார்.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். உன் விளையாட்டு ஆரம்பித்த அதே வருஷம் எனக்குக் கண் மங்கிவிட்டது. கிட்டப் பார்வை அடியோடு போயிற்று. கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஆடும். கண்ணாடி போட்டால் தெரியும், ஆனால் கண்ணாடி போட்ட அட்டைக்காரன் என்று பெயர் வந்தால் நுணுக்க வேலையெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும் என்று எனக்குப் பயம். ஒருத்தருக்கு அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். இந்த ஊரில் வாங்கினால் தெரிந்துவிடும் என்று செங்கல்பட்டு வரைக்கும் போய் ஒரு கண்ணாடி வாங்கி வந்து, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டால்தான் போடுவேன். ஆள் வந்தால் கழற்றி இடுப்பில் செருகிக்கொள்வேன். உன் அம்மா, "கள்ளச்சாராயம் வெச்சிக்கினு இருக்கறவன் மாரி முழிக்கறியேய்யா" என்று கிண்டல் செய்தாள். கிண்டல் செய்தாளே தவிர வெளியே மூச்சு விடவில்லை.

அடுத்த வருஷம் ஒரு நாள் தறிக்கார மாணிக்கம் வந்து கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு முகூர்த்தப் புடவை, கோபுரக் கரை, இருபது நாளில் நெய்து முடிய வேண்டும், அட்டை கைக்கு வரும்வரை தினமும் வந்து எதிரில் உட்காருவேன் என்றான். அவன் எதிரில் கண்ணாடி போட முடியுமா? படத் தாள்களின் கட்டுக்குக் கையை நீட்டி மேலே கிடந்த தாளை எடுத்தேன். கட்டத் தாள், சிவப்பு மை, வரிகள் சரியாக இருநூற்று நாற்பது. அடிக்க ஆரம்பித்தேன். பழகிய கை, கண் பாதி, கை பாதி என்று நான்கு நாளில் முடித்துக் கோத்துக் கொடுத்தும் விட்டேன். அது கோபுரக் கரை இல்லை. உங்கள் விளையாட்டில் வருகிற சுரங்கத்தின் வரைபடம். எந்த வழியாக உள்ளே போனோம், எந்த அறையில் பொறி, எங்கே முட்டுச்சந்து என்று குறித்து வைப்பது திருடனின் வேலையாம். அதை நீ என்னுடைய கட்டத் தாளிலேயே, என்னுடைய சிவப்பு மையிலேயே வரைந்து, என்னுடைய கட்டிலேயே பத்திரமாக வைத்திருந்தாய். வரியைப் பார்ப்பேன், படத்தைப் பார்க்க மாட்டேன் என்ற திமிர் இருந்ததே, அது என்னைக் குப்புறத் தள்ளியது.

ஒன்றரை முழம் நெய்த பிறகுதான் மாணிக்கத்துக்குச் சந்தேகம் வந்தது. ஓடி வந்தான். "அண்ணா, கோபுரம் வர்ற எடத்துல என்னாமோ வூட்டு பிளான் மாரி வந்துக்கினு இருக்குது. ரூமு, சந்து, மறுபடி ரூமு! கக்கூஸ் ஒண்ணு தான் பாக்கி!" என்றான். நீயும் நானும் அவன் வீட்டுக்குப் போனோம். அரக்குச் சிவப்புப் பட்டில் ஜரிகையாக உங்கள் சுரங்கம் மினுமினுவென்று கிடந்தது. பார்த்த மாத்திரத்தில் உனக்குப் புரிந்துவிட்டது. நீ என் முகத்தைப் பார்த்தாய், பிறகு என் இடுப்பில் செருகியிருந்த கண்ணாடியின் மேட்டைப் பார்த்தாய். அதற்குள் எங்களுக்கு வேலை கொடுக்கிற பட்டுக்கடை முதலாளி வந்துவிட்டார். மாணிக்கம் சொல்லி அனுப்பியிருந்தான்.

"யாரு வேல இது?" என்றார் முதலாளி. நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன் சேகர். ஆனால் காற்றுதான் வந்தது. நீ ஒரு அடி முன்னால் வைத்து, "நான் தாங்க. சும்மா வெளையாட்டுக்கு படத் தாள மாத்தி வெச்சேன். நைனா கவனிக்க மாட்டாருன்னு தெரியும்" என்றாய். அவர் உன்னைப் பேசின பேச்சை இங்கே எழுத மாட்டேன். தெருவே கூடிவிட்டது. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஒன் கைக்காகத் தான் வுடறேன். இனிமே இந்தப் பையன் அட்டை பக்கம் தலை வெச்சிப் படுக்கக்கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். அத்தனை வருஷத் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள, பெற்ற பிள்ளையைத் தெரு நடுவில் நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினேன். இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் மூன்று முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாய். ஒரு வார்த்தை கேட்பாய் என்று காத்திருந்தேன், திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. நீயோ மாணிக்கத்திடமிருந்து வாங்கி வந்த அட்டைக் கட்டை அவிழ்த்துப் பரப்பினாய். மாணிக்கம் நெய்ய வேண்டிய நாள் போக, அட்டைக்கு இரண்டே நாள் இருந்தது. இருநூற்று நாற்பது அட்டையையும் புதிதாக அடிக்க நான்கு நாளாவது ஆகும், கண்ணாடி போட்டுக்கொண்டாலும். "மொத்தமும் ஏன் அடிக்கணும்? ஒரே வேலைக்கு ரெண்டு தடவ செலவு பண்ணக்கூடாது" என்றாய். எனக்குத் திக்கென்றது, அந்தப் பேச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று. சுரங்கத் தாளையும் கோபுரத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டாய். சுரங்கத்தின் நீளச் சுவர் வருகிற வரியும் கோபுரத்தின் அடித்தளம் வருகிற வரியும் ஒன்றேதான், அந்த அட்டைகளை அப்படியே எடுத்து வைத்தாய். ஓட்டை குறைவாக இருந்தவற்றை ஒரு பக்கம், கூட இரண்டு ஓட்டை போட்டால் கோபுர வரியாகிவிடும். ஓட்டை அதிகமாக இருந்தவற்றை இன்னொரு பக்கம், பசை போட்டுக் காகிதம் ஒட்டினால் சரியாகிவிடும். புதிதாக அடிக்க மிஞ்சியது தொண்ணூறுக்குள். "தப்பா அடிச்ச அட்டைன்னு ஒண்ணும் இல்ல நைனா, இன்னும் முழுசா அடிக்காத அட்டை தான்" என்றாய். நீ அடிக்க, நான் கோக்க, அம்மா பசை காய்ச்ச, நாள் தவறாமல் புடவை போய்ச் சேர்ந்தது. எனக்குத் தெரிந்து அட்டைக்காரன் எவனும் இப்படி ஒரு வேலை செய்ததில்லை. பெருமையாக வெளியே சொல்லக்கூட முடியாத கதி எனக்கு, சொன்னால் என் கண் விஷயம் வெளியே வந்துவிடுமே.

அதன் பிறகு நடந்தது இன்னும் விசேஷம். அட்டைப் பக்கம் வரக்கூடாது என்று ஊர் முன்னால் விரட்டப்பட்ட நீ, தினமும் விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நுணுக்க வேலை முழுவதையும் அடித்து வைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு ஏனாத்தூர் பக்கத்துச் சிநேகிதனோடு சைக்கிளில் காலேஜுக்குப் போனாய். மெட்ராஸில் வேலை கிடைத்த பிறகும் சனிக்கிழமை பஸ் பிடித்து வந்து அடிக்கிறாய். நான் பெரிய வரிகளை மட்டும் அடிக்கிறேன். முதலாளி போன மாதம் ஓர் அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "வயசானாலும் ஒன் கை சுத்தம்ய்யா" என்றார். அது உன் கை. அப்போதும் நான் தலையை ஆட்டினேன். திருட்டும் வித்தையும் ஒரே ஆளிடம் இருந்தால் ரெண்டுங்கெட்டான் என்று சொன்னேனே, அந்த ரெண்டுங்கெட்டான்தான் இரண்டு வருஷமாக எனக்குச் சோறு போடுகிறான்.

இவ்வளவு பார்த்தும் எனக்கு முழுசாக உறைக்கவில்லை. உறைத்தது போன பொங்கலுக்கு. பரீட்சைத் தாள் திருத்துகிறேன், வர முடியாது என்று நீ எழுதிவிட்டாய். புருஷோத்தமன் வந்து, "மாமா, சேகர் ஆள் குகை நடுவுல நிக்கறான். யாராவது அவனுக்குப் பதிலா ஆடினாத்தான் கதை நகரும்" என்றான். மல்லிகா, "நைனா ஆடட்டும், வாய் மட்டும் கிழியுதே" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். கண்ணாடியை வேறு போட்டுக்கொண்டேன், புருஷோத்தமன் பார்த்தும் பார்க்காதவன்போல் இருந்துவிட்டான். நல்ல பையன். உன் தாள் என் கையில் வந்தது. எட்டுப் படி ஏறியிருந்தாய். எந்தப் படியை எதில் எழுதினாய், ஏன் எழுதினாய் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு. ஒரு பூட்டு வந்தது, விரல் திறந்தது. ஒரு பொறி வந்தது, உன் ஆள் முன்னாலேயே கண்டுகொண்டான். காவலர் இருவர் வந்தார்கள், தூங்க வைத்தேன். எங்கே கையை வைத்தாலும் அங்கே ஏதோ ஒன்றை எனக்காக எடுத்து வைத்திருந்தாய். நான் ஓட்டத் தெரியாதவன், வண்டி தானாக ஓடியது. அடடா, என்ன மாதிரி யோசித்திருக்கிறான் என்று வாய்விட்டே சொன்னேன். மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு பெரிய காவல் படை ஒன்று வந்தது. மல்லிகாவின் வீரனுக்குக் காலில் காயம், இரும்புச் சட்டை சலசலக்கிறது, ஒளிய முடியாது. மிச்சம் இருந்தது மறைய வைக்கும் மந்திரம் ஒன்றே ஒன்று. நான் சட்டென்று, "எனக்குப் போட்டுக்கறேன், ஓடிடறேன்" என்றேன். பழக்க தோஷம், வேறென்ன. மல்லிகா சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அது ஒங்களுக்கு இல்ல நைனா. அண்ணன் எப்பவும் அத எனக்குத் தான் போடும்" என்றாள். "அப்ப அவன்?" என்றேன். "அண்ணனுக்குத் தான் கையாலயே ஒளியத் தெரியுமே. மந்திரம் ஒளியத் தெரியாதவங்களுக்கு" என்றாள். தாளைப் பார்த்தேன். அந்த மந்திரத்துக்கு எதிரில் உன் கையெழுத்தில், 'ஒரு நாளைக்கு ஒரு தரம். எனக்கு இல்லை' என்று இருந்தது. புருஷோத்தமன் அன்றைக்கு மடக்கினானே, அதற்கான பதில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தையில் இருந்தது. மந்திரத்தை மல்லிகாவுக்குப் போட்டுவிட்டு, உன் ஆளைச் சுவரோரம் ஒளிய வைத்துச் சொம்புக்குள் கைவிட்டேன். பதினெட்டுக்கு மேல் வந்தால்தான் மாட்டுவான் என்றான் புருஷோத்தமன். பதினொன்று வந்தது. பிழைத்தான். மாணிக்கம் வீட்டில், தறிக்குப் பக்கத்தில், நீ ஓர் அடி முன்னால் வைத்த அந்தக் கால்தான் கண் முன்னால் நின்றது.

பொங்கலுக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. போன ஞாயிறும் அதே மந்திரத்தை எனக்குப் போட்டுவிட்டு, நீ பெண்ணின் அப்பாவுக்கு எதிரில் தன்னந்தனியாக நின்றாய். உன்னைப் பெற்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையோ, என்னை நினைத்து அவ்வளவு வெட்கமாகவும் இருக்கிறது. உனக்கு ஒரே ஒரு புத்திமதி சொல்கிறேன், அதற்கு மட்டும் எனக்கு உரிமை உண்டு, பலன் அனுபவித்தவன் நான். ஒளியத் தெரியும் என்பதற்காக எப்போதும் நீயே ஒளிந்துகொண்டிருக்காதே. கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் ஒன்றையும் மறைக்காதே, அவளை மறைத்துக் காப்பாற்றுகிறேன் என்றும் கிளம்பாதே. ஒரு மனுஷனை ரொம்ப நாள் மறைத்து வைத்தால் அவனுக்கு அது சுகமாகிவிடும். எனக்கு ஆயிற்று.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் தென்னேரிக்குப் போகிறேன். இந்தக் கடிதத்தைப் பெண்ணின் அப்பா எதிரில் நானே வாசிப்பேன். வெட்டி எடுத்த அந்த ஒன்றரை முழத்தை இத்தனை நாள் கண்ணாடிக்குப் பக்கத்தில் பெட்டியில் வைத்திருந்தேன், அதையும் கொண்டுபோகிறேன். அவர் பெண் கொடுக்கிறாரோ இல்லையோ, ஆளைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும். திரும்பி வரும்போது முதலாளி கடையில் இறங்கி அவருக்கும் வாசிக்கிறேன். வேலை போனால் போகட்டும். அதன் பிறகு இதை உனக்குத் தபாலில் போடுகிறேன்.

இப்போதுதான் உன் அம்மாவுக்கு இதுவரைக்கும் படித்துக் காட்டினேன். மூன்று நாளுக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "போறது இருக்கட்டும். கண்ணாடிய பஸ்ல ஏறி மாட்டிக்கலாம்னு பாக்காத. வூட்டுலேர்ந்தே போட்டுக்கினு போ" என்றாள். நாளைக்கு எதற்கு என்று இன்றைக்கே போட்டுக்கொண்டேன். தெருக் கதவை விரியத் திறந்து வைத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி வாசலுக்கு நேராக உட்கார்ந்துதான் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். சற்று முன் மாணிக்கம் அந்தப் பக்கம் போனவன் நின்று, தலையை உள்ளே நீட்டிப் பார்த்தான்.

"என்னாண்ணா, கண்ணாடி! எப்போலேர்ந்து?"

"மூணு வருசமாப்பா" என்றேன். "உள்ள வா, ஒக்காரு. அந்த முகூர்த்தப் பொடவையப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறான். பேனாவை மூடுகிறேன்.

உன் நைனா